எல்லை தாண்டிக் குடித்த மீனெண்ணெய்

தாட்சாயணி தெருவில் வருகிறாள் என்பது கொன்றைமேட்டில் முதலில் பூனைகளுக்குத்தான் தெரியும். அவள் தோளில் தொங்கும் துணிப்பைக்குள் நாலு பாட்டில் சுறாமீன் எண்ணெய் இருக்கும். மூடியை எத்தனை இறுக்கினாலும் அந்த வாடை பையோடும் புடவையோடும் ஒட்டிக்கொண்டு வரும். அவள் பின்னால் இரண்டு மூன்று பூனைகளாவது வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கும். சர்க்கார் தனக்குக் கொடுத்த டவாலிச் சேவகர்கள் இவர்கள்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஊரில் அவளை நர்ஸம்மா என்றார்கள். அவள் நர்ஸ் இல்லை. நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, எட்டாவது வரை படித்து, திருவள்ளூரில் ஒன்றரை வருஷம் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்த தாய்சேய் நல உதவியாளர். சத்தியவேட்டைச் சுற்றி ஐந்து ஊர்கள் அவள் பொறுப்பு. பிள்ளைத்தாய்ச்சிகளையும் கைக்குழந்தைகளையும் பார்ப்பது, பால் பவுடரைக் கரைத்துக் கொடுப்பது, மீனெண்ணெயை ஸ்பூனால் அளந்து ஊற்றுவது, இவைதான் வேலை. வயது நாற்பத்திரண்டு. உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும். குரலைப் பற்றிச் சொல்ல வேண்டாம், ஏரிக்கரையில் நின்று அவள் யாரையாவது திட்டினால் ஊர்க்கோடியில் இருப்பவன் தன்னைத்தான் என்று நினைத்து வெளியே வருவான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த ஐம்பத்துநாலாம் வருஷம் ஊர் மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தது. அந்த வருஷம் கொடுத்தனுப்பிய எண்ணெயை மனிதர்கள் குடித்ததைவிட மாட்டுவண்டிகள் குடித்ததுதான் அதிகம். அச்சுக்குப் போட்டார்கள், காளையின் கழுத்துப்புண்ணுக்குத் தடவினார்கள், ஒருவர் விளக்கில் ஊற்றி ஏற்றிவிட்டு வீட்டையே காலி செய்துகொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். பால் பவுடரை ஒரு மகராசி கன்றுக்குட்டிக்கு வைத்தாள். கன்று நன்றாகத்தான் வளர்ந்தது.

சலித்துப்போன தாட்சாயணி அப்போது ஒரு பொய் சொன்னாள். இது மீனெண்ணெய் இல்லை, மூலிகைத் தைலம் என்றாள். கவிச்சி தொடாத குடும்பத்து மருமகள் கமலம்மா, வயிற்றில் ஏழு மாசம், அதை நம்பிப் பத்து நாள் குடித்தாள். பதினோராம் நாள் யாரோ விஷயத்தைப் போட்டு உடைத்தார்கள். அந்தப் பெண் வாந்தி எடுத்து எடுத்துக் கொடியாகத் துவண்டாள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் தாட்சாயணியின் ஸ்பூனுக்கு ஐந்து ஊரிலும் ஒரு வாய் திறக்கவில்லை. கமலம்மா முகத்தைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அன்று பிடித்த வழக்கம் இது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில், "இது மீனு. சுறாமீனோட ஈரல்ல எடுத்தது" என்று உரக்கச் சொல்வாள். பிறகு எல்லார் முன்னாலும் தான் ஒரு ஸ்பூன் குடிப்பாள். அவளுக்கும் அந்த எண்ணெய் என்றால் குமட்டும். ஆனாலும் முகம் சுளிக்காமல் விழுங்கிவிட்டு, ஸ்பூனைக் கழுவி அடுத்த வாய்க்கு நீட்டுவாள். அவள் குடிப்பதைப் பார்க்கவே பிள்ளைகள் கூடின, பார்த்த பிள்ளைகள் குடிக்கவும் செய்தன.

அதற்காக அவளை எண்ணெய்க்குத் தரகு பேசுகிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. ஊர்ப் பெரிய விவசாயி தணிகாசலம் திருப்பதியிலிருந்து டானிக் டானிக்காக வாங்கிவந்து அலமாரியில் அடுக்கிவைத்திருந்தார். சாப்பிடுவது தீட்டிய அரிசிச் சோறும் ஊறுகாயும். கீரை என்றால் கூலியாள் தின்பது என்று எண்ணம். ஒரு ஸ்பூனில் பலம் வருமானால் அரை பாட்டிலில் எத்தனை வரும் என்று கணக்குப் போட்டு, தாட்சாயணியின் பையிலிருந்து பிள்ளைகளுக்கு வைத்திருந்ததைக் கேட்டு வாங்கி ஒரு வாரம் குடித்தார். தலைவலியும் வாந்தியும் வந்து, உள்ளங்கைத் தோலும் உரிந்தது. பார்க்கப் போன தாட்சாயணி அவருடைய படுக்கைக்கு எதிரே முருங்கைக்கீரைக் கட்டைப் போட்டாள்.

"பெரியவரே, பாட்டிலுன்றது விருந்தாளி மாதிரி. ஒடம்புக்கு ஆவலைன்னா வந்து நாலு நாள் கூடமாட நிக்கும். வூட்டு ஆளு இந்தக் கீரதான். வூட்டு ஆள தொரத்திட்டு விருந்தாளிய வெச்சிக்கினு குடும்பம் பண்ண முடியுமா?" என்றாள்.

அறுபதாம் வருஷம் ஏப்ரல் ஒன்றாம் தேதி ஊர் ராஜ்யம் மாறியது. எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி மெட்ராஸுக்குப் போக, சத்தியவேட்டுப் பக்கம் ஆந்திராவில் சேர்ந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது, ஏரிக்கு அப்பால் ஒரு மைலில் கல் மட்டும் நட்டார்கள். கொன்றைமேட்டுக்காரர்கள் இதற்காகக் கண்ணீரும் விடவில்லை, பட்டாசும் கொளுத்தவில்லை. தாட்சாயணிக்குத்தான் கஷ்டம். பழைய ஆபீஸ் எண்ணெய் அனுப்புவதை நிறுத்திவிட்டது. புது ஆபீஸ் இன்னும் அனுப்ப ஆரம்பிக்கவில்லை. அவள் தமிழில் ஒரு மனு, தெரிந்தவரைப் பிடித்துத் தெலுங்கில் ஒரு மனு என்று எழுதிக்கொண்டே இருந்தாள். ஐந்து மாசம் பை காலி. பூனைகள் வேறு வேலை பார்க்கப் போய்விட்டன.

அந்தக் கோடையில் கீரைப்பாத்திகள் காய்ந்தன. ஆவணியில் ஊருக்குள் தட்டம்மை பரவியது. வண்டிக்காரன் முனிசாமியின் மகள் மனோரமாவுக்கு நாலு வயது. அம்மை இறங்கிய பிறகு அது கூழைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்க மறுத்தது. பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தது. தாய் வெங்கடம்மா எதிரிலேயே நின்றாலும், "அம்மா எங்க கீற?" என்று கேட்டது. தாட்சாயணி போய் இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணின் வெள்ளைப் பகுதி பளபளப்பில்லாமல் வறண்டு, ஓரத்தில் சோப்பு நுரை காய்ந்தாற்போல் ஒரு சாம்பல் புள்ளி இருந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளும் வெங்கடம்மாவும் ஆரோக்கிய நிலையத்துக்குப் போனார்கள். அங்கிருந்த தெலுங்கு டாக்டர் நல்ல மனிதர். அவரிடமும் எண்ணெய் இல்லை. இது மாலைக்கண், இப்போதைக்குப் பகலில் பார்வை இருக்கிறது, ஆனால் கருவிழி மெத்தென்று ஆகிவிட்டால் பிறகு நாலே நாளில் கண் போய்விடும், யாராலும் எதுவும் செய்ய முடியாது என்றார். கீரை கொடுங்கள், ஆனால் கீரை வேலை செய்ய நாளாகும், எண்ணெய் வந்ததும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஊற்றுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து தாட்சாயணி தினமும் சாலைக்கு வந்து, எண்ணெய் கொண்டுவரும் ஆபீஸ் ஜீப் வருகிறதா என்று பார்த்தாள்.

ஜீப் வந்தது. என்றைக்கு வந்தது என்பதுதான் வேடிக்கை. புரட்டாசி முதல் தேதி, சனிக்கிழமை. அவள் வாசலில் பெட்டியைப் பிரிக்கிறாள், தெருவில் அவள் புருஷன் சின்னசாமி நெற்றி நிறைய நாமம் போட்டு, துளசி சுற்றிய செம்பைக் கையில் ஏந்தி, "கோவிந்தா, கோவிந்தா" என்று வீடு வீடாக அரிசி வாங்கிக்கொண்டு வருகிறான். புரட்டாசி என்றால் அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் பெருமாள் மாசம். கறி இல்லை, மீன் இல்லை, கருவாட்டுப் பானையைக்கூடத் தூக்கிக் கொல்லைக்கு வெளியே வைத்துவிடுவார்கள். கலியாணமான நாள் முதல் தாட்சாயணியும் இந்த மாசம் கவிச்சி தொட்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் புரட்டாசியில் பையை ஆணியில் மாட்டிவிடுவாள். ஐந்து மாசம் காத்திருந்து வந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றது.

நேரே வெங்கடம்மா வீட்டுக்குப் போனாள்.

"வந்துடுச்சி. புள்ளைய வாயத் தொறக்க சொல்லு."

வெங்கடம்மா முறத்தைக் கீழே வைக்கவில்லை. "இன்னிக்கி வேணாம் யக்கா."

"பின்ன என்னிக்கி?"

"ஐப்பசி பொறக்கட்டும்."

"ஐப்பசி பொறக்கறதுக்குள்ள கண்ணு போய்டும். டாக்டரு சொன்னது ஒன் காதுல வுழுலியா?"

"அந்தக் கண்ணுக்கோசரந்தான் யக்கா வேண்டிக்கினு கீறேன். மலை ஏறி வர்றேன், புரட்டாசி பூரா கவிச்சி வூட்டுக்குள்ள நொழையாதுன்னு மஞ்சத்துணில முடிஞ்சி வெச்சிருக்கறேன். அவருகிட்ட அத சொல்லிப்புட்டு இத ஊத்தினா, அவரு எப்டி கண்ணு குடுப்பாரு?"

அந்தப் பெண் பிடிவாதத்துக்காகச் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறாள் என்பது தெரிந்தபோது தாட்சாயணிக்குத் திட்ட மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வீட்டுக்கே போய்ச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, "சேப்ப நூனெ அனி செப்பகு. மந்து அனி செப்பு" என்றார். மீனெண்ணெய் என்று சொல்லாதே, மருந்து என்று சொல், அவ்வளவுதானே என்பது அவர் கட்சி. வழி நெடுக அவள் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டு வேறு தெலுங்கில் இருந்தது, வெங்கடம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. கொஞ்சம் ஏலக்காய் தட்டிப்போட்டால் வாடைகூட அடங்கும். கண் போவதைவிடப் பொய் மேல் என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் இந்தத் தடவை விஷயம் வெளியே வந்தால் கெடுவது தாட்சாயணியின் பேர் மட்டுமில்லை. பிள்ளைக்கு நாளைக்கு எது வந்தாலும், அன்று ஏமாந்து வேண்டுதலைக் கெடுத்தோமே, அதனால்தான் என்று வெங்கடம்மா ஆயுசு முழுக்கக் கரைவாள். கமலம்மா பட்ட பாட்டை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

திங்கட்கிழமை மறுபடி போனாள். இமையைத் தூக்கிப் பார்த்தாள். புள்ளி கொஞ்சம் பெரிதாகியிருந்தது. மழைக்குத் துளிர்த்த முருங்கைக்கீரையை அவளே பறித்துவந்து, கடலை எண்ணெயில் வதக்கிக் கூழுக்குத் தொட்டுக்கொள்ள வைத்தாள். குழந்தை நாலு வாய் தின்றது. அதுவரைக்கும் சந்தோஷம்தான். ஆனால் கீரைக்கு நாளாகும் என்று டாக்டர் சொன்னாரே.

"வெங்கடம்மா, நான் பொய் சொல்லமாட்டேன். இது மீனுதான். நீ சரின்னாதான் ஊத்துவேன். அவரு ஒன்னும் கோச்சிக்க மாட்டாரு."

"உனுக்கு எப்டி தெரியும் யக்கா? முன்னயாச்சும் நாம மெட்ராஸ் ஸ்டேட்டு, அவரு வேற ஸ்டேட்டு. கண்டும் காணாம வுட்டிருப்பாரு. இப்ப நம்ம ஊரையும் அவரு ஸ்டேட்டுல சேத்துட்டாங்க. இனி அவரு கண்ணுல மண்ணத் தூவ முடியுமா?"

மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த கோபம் தாட்சாயணிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப எழுந்து வா. மெட்ராஸ் ஸ்டேட்டுக்கே போய் ஊத்தறேன்."

எரிச்சலில் சொன்ன பேச்சு அது. சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாள். வெங்கடம்மா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எவ்ளோ தூரம் யக்கா?"

சாயங்காலம் மூன்று பேரும் ஏரிக்கரை மேல் நடந்தார்கள். கடலை பறிக்கும் காலம், வயல்களில் ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, "மெட்ராஸ் ஸ்டேட்டுக்கு" என்று தாட்சாயணி பதில் சொன்னாள், அவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஆனால் போகப் போக அவளுக்கே உறுத்தியது. இதுவும் ஒரு பொய்தானே. புதுக் கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"தபாரு வெங்கடம்மா. நான் கோவத்துல சொன்ன பேச்சி. கல்லுக்கு இந்தாண்டயும் அவருதான், அந்தாண்டயும் அவருதான். உன்ன ஏமாத்தினேன்னு நாளைக்கி சொல்லாத."

வெங்கடம்மா இடுப்பிலிருந்த குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாதா யக்கா? அவருக்குந்தான் தெரியாதா? வூட்டுக்குள்ள நொழைய வுடலை. அவருக்கு அஞ்சிக்கினு இம்மாந்தூரம் நடந்து வந்தோம்னு அவரு பாக்கட்டும். அது போதும்."

படிப்பும் பயிற்சியும் டாக்டரும் சேர்ந்து கண்டுபிடிக்காத வழியை எழுத்து தெரியாதவள் தன் கால்களால் கண்டுபிடித்துவிட்டாள் என்று தாட்சாயணிக்குத் தோன்றியது. கல்லைத் தாண்டிப் பத்தடி போய், ஒரு பனைமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

ஸ்பூனைப் பார்த்ததும் மனோரமா உதட்டை மடித்துக்கொண்டது. "நீ குடி பெரிம்மா" என்றது. ஊர்ப் பிள்ளைகளுக்கு அவள் பழக்கிய பழக்கம். இருபத்திரண்டு வருஷமாகக் காத்த புரட்டாசி அது. தாட்சாயணி ஒரு கணம் திருமலை இருக்கும் திசையைப் பார்த்தாள், பிறகு மடக்கென்று விழுங்கினாள். குழந்தையும் இரண்டு ஸ்பூன் குடித்தது. வெல்லம் சேர்த்து இடித்த கடலை உருண்டையை வாயில் போட்டதும் அழக்கூட மறந்துவிட்டது.

திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. குழந்தை ஒன்றும் தெரியாமல் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

வீட்டில் சின்னசாமி நாமத்தோடு உட்கார்ந்திருந்தான். இந்தச் சனிக்கிழமை நாராயணவனம் நடந்தே போய்க் கல்யாண வெங்கடேசரைச் சேவித்து வரப்போகிறவன். அவன் மூக்குக்குத் தெரியாமல் இருக்குமா? தாட்சாயணி வாசலிலேயே நின்று நடந்ததைச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட மீனுன்னு சொல்லித்தான குடுத்த?"

"சொல்லித்தான்."

"கெணத்தாண்ட தண்ணி எறைச்சி வெக்கறேன். தலைக்கு ஊத்திக்கினு வா, களி ஆறிப்போவுது" என்று எழுந்துபோனான்.

அவ்வளவுதான் அவன் விசாரணை. மறுநாளிலிருந்து அவள் எல்லை தாண்டிவிட்டு வரும்போது கிணற்றடியில் இரண்டு குடம் தண்ணீர் நிரம்பியிருக்கும். இப்படி ஒரு புருஷன் கிடைத்ததற்கு அவள் பெருமாளிடம் தனியாக ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை, அவருக்கே தெரியும் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் அவர்களோடு இன்னொரு தாயும் பிள்ளையும் சேர்ந்தார்கள். ஐந்தாம் நாள் ஏழு பேர். ஊரில் கேலி செய்யாதவர்கள் இல்லை. பாஸ்போர்ட் எடுத்தாயிற்றா என்று தணிகாசலம்கூடக் கேட்டார். உங்களுக்கும் ஒன்று எடுத்துவைக்கிறேன், உள்ளங்கைத் தோல் வளர்ந்ததும் வாங்க என்றாள் தாட்சாயணி. பகலில் வீடு வீடாகப் போய்ப் பரங்கிக்காயும் பப்பாளியும் கீரையும் அடுப்பில் ஏறுகிறதா என்று பார்த்தாள். கீரையில் ஒரு கரண்டி எண்ணெய் விழுந்தால்தான் உடம்பில் ஒட்டும், வெறுமனே வேகவைத்துப் பிழிந்தால் தண்ணியோடு போய்விடும் என்று சண்டை போட்டாள்.

"ஆயுசுக்கும் இந்தக் கல்லாண்ட நடக்கணுமா யக்கா?" என்று வெங்கடம்மா ஒருநாள் பனைமரத்தடியில் கேட்டாள்.

"இன்னும் பத்து நாள். புள்ளி மறஞ்சி, அவ தட்டுல போடறத துன்ன ஆரம்பிச்சான்னா எனக்கு இங்க வேலை கெடயாது. அடுத்த கோடைக்கி நீ பாத்தி காயாம பாத்துக்கினா போதும்."

அதற்குமேல் குழந்தையின் கண்ணைப் பற்றி அவர்கள் இருவரும் பேசுவதையே தவிர்த்தார்கள். பகலில் வறட்சி குறைந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் பொழுது சாயும்போது அது இன்னும் இடுப்பைவிட்டு இறங்குவதில்லை. பயத்தாலா, பார்வை இல்லாமலா என்று தாட்சாயணியால் சொல்ல முடியவில்லை.

ஒன்பதாம் நாள் மழை மூட்டம். வழக்கத்தைவிடச் சீக்கிரம் இருட்டிக்கொண்டு வந்தது. மற்றவர்கள் வேகமாக முன்னே போய்விட்டார்கள். ஏரிக்கரை ஏறும் இடத்தில் மனோரமா காலை உதைத்துக்கொண்டு இறங்கியது. வெங்கடம்மா கையைப் பிடிக்கப் போனாள், அது உதறிவிட்டுத் தாட்சாயணிக்குப் பக்கத்தில் வந்து நடந்தது. வெங்கடம்மா அதன் பின்னாலேயே நடந்தாள். தாட்சாயணிக்கு எதிரே கரை ஒரு கறுப்புக் கோடாகத்தான் தெரிந்தது.

"பெரிம்மா, சாணி கீது. மிதிக்காத" என்றது மனோரமா.

தாட்சாயணி ஏற்கெனவே மிதித்துவிட்டிருந்தாள். காலை எடுக்கத் தோன்றாமல் அப்படியே நின்றாள். பின்னால் வெங்கடம்மா ஈரக்கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழ ஆரம்பித்தாள், குழந்தை ஒன்றும் புரியாமல், "பாத்து வரக் கூடாதா?" என்று பெரியம்மாவைக் கோபித்துக்கொண்டிருந்தது.